முழு மடமை சாத்தியமா? வெட்டிக் கோபுரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மனிதனின் மடமைக்கு எல்லையே இல்லை என்பார்கள். அப்படிச் சொன்ன எவரும் அதை அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அளக்கத் தோதான சான்றுகள் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குன்றுக்குக் குன்று நிற்கின்றன: பிரபுக்கள் தம் தோட்டங்களில் எழுப்பிய வெட்டிக் கோபுரங்கள், கட்டும்போதே இடிந்த கோலத்தில் கட்டப்பட்ட கோட்டைகள், சாமியே இல்லாத கோயில்கள். மடமை கல்லும் சுண்ணாம்புமாய், அடிக்கணக்கில் உயரம் சொல்லும்படி கிடைப்பது ஆய்வாளருக்குப் பெரும் பேறு. அவற்றைப் பரிசீலித்ததில் தெரியவருவது இதுதான்: முழு மடமை மனிதனால் எட்ட முடியாத உயரம். எத்தனை முயன்றாலும் எங்கேயாவது ஒரு பயன் வந்து ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

முதல் சான்று, இங்கிலாந்தின் ஃபாரிங்டனில் பெர்னர்ஸ் பிரபு 1935-இல் கட்டி முடித்த கோபுரம். எதற்கும் உதவாது என்பதே அதன் சிறப்பு என்று சொல்லிக்கொண்டவர் அவர். இத்துறையில் இவ்வளவு நாணயமான முயற்சி வேறில்லை. ஆனாலும் பத்தாண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. உலகப்போர் வந்தது, உள்ளூர்க் காவற்படை மேலேறி நின்று கண்காணிக்கத் தொடங்கிவிட்டது. ஸ்காட்லாந்தின் டன்மோரில் கல்லால் செதுக்கிய மாபெரும் அன்னாசிப்பழம் ஒன்று கட்டடத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பார்த்ததும் ஆய்வு முடிந்தது என்று தோன்றும். கீழே போனால், குளிர்நாட்டில் பழம் விளைவிக்கச் சூடேற்றிய கண்ணாடிக் கூடங்கள் அங்கே இருந்தது தெரியவருகிறது. அழகுக்கு வைத்ததாகத் தோன்றும் கல் ஜாடிகள் அவற்றின் புகைபோக்கிகள்.

இவையெல்லாம் விபத்து, கட்டியவரின் மடமை அப்படியேதான் இருக்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். பயனையே முதலில் எண்ணிக் கட்டியவையும் உண்டு என்பது அவருக்கான பதில். 1740-இல் அயர்லாந்தில் கடுங்குளிர் பயிரை அழித்துப் பஞ்சம் வந்தபோது, கேத்தரின் கானலி என்ற செல்வச் சீமாட்டி கூலிவேலை கொடுப்பதற்காகவே 140 அடி உயரத்துக்கு வளைவுகளை அடுக்கி உச்சியில் ஓர் ஊசித்தூண் நிறுத்தினார். நிலம் பக்கத்து எஸ்டேட்காரருடையது என்பது தனிச் சுவை. ஸ்காட்லாந்தின் ஃபைரிஷ் குன்றில் 1782-இல் எழுந்தது நம்மவர்க்குக் கொஞ்சம் நெருங்கிய விஷயம். முந்தைய ஆண்டு டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த ஹெக்டர் மன்றோ, அந்த ஊர் வாசலின் சாயலில் மொட்டைக் குன்றின் உச்சியில் ஒரு வாசல் கட்டினார். சுற்றிலும் மதில் கிடையாது. ஆடுகூட ஒதுங்கிப் போய்விடலாம். அதுவும் பிழைப்பிழந்த மக்களுக்கு வேலை தருவதற்காகத்தான். மேலே ஏற்றிய கற்களை மன்றோவே கீழே உருட்டிவிட்டு, மறுபடி ஏற்றச் சொல்லி இரண்டாம் முறையும் கூலி கொடுத்தார் என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது.

பசித்தவனுக்குச் சும்மாவே சோறு போட்டிருக்கலாமே என்பது அடுத்த ஆட்சேபம். இது கனமானது. உழைக்காதவனுக்குக் கொடுத்தால் அவன் கெட்டுப்போவான் என்பது அக்காலக் கனவான்கள் பலரின் கொள்கை. அதற்காகவே பட்டினி கிடந்தவன் முதுகில் கல் ஏறியது. ஆக இந்தக் கட்டடங்களில் மடமையைத் தேடுபவர் கோபுரத்தைத் தாண்டி அதன் பின்னால் இருந்த விவேகத்தைத் தோண்ட வேண்டும். கோபுரம் பாவம், கூலிக்குச் சாட்சியாக நிற்கிறது.

பாத் நகரின் குன்றில் 1762-இல் ரால்ஃப் ஆலன் எழுப்பிய பொய்க்கோட்டையைச் சிலர் நீட்டக்கூடும். முகப்பு மட்டும் உண்டு, பின்னால் அறையே இல்லை. ஆனால் ஆலன் கல் குவாரி முதலாளி. ஊர் முழுக்கத் தெரியும் இடத்தில் கல் வியாபாரி எழுப்பிய சுவரை வெட்டி என்று சொல்ல விளம்பரத் துறையில் எவரும் ஒப்பமாட்டார்.

எஞ்சுவது பெயின்ஸ்ஹில் தோட்டம். சார்லஸ் ஹாமில்டன் அங்கே ஆசிரமக் குடில் ஒன்று கட்டி, அதில் அலங்காரமாக அமர்ந்திருக்க ஒரு துறவியையும் வேலைக்கு அமர்த்தினாராம். ஏழாண்டு முடி வெட்டாமல், நகம் களையாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் 700 பவுண்டு. அந்த ஆள் மூன்றே வாரத்தில் வேலையிழந்தார் என்கிறது கதை, மதுக்கடையில் அகப்பட்டாராம். சும்மா இருப்பதற்கென்றே எடுத்த ஆளாலும் சும்மா இருக்க முடியவில்லை. ஹாமில்டனுக்கோ 700 பவுண்டு மிச்சம்; 1773-இல் பணம் தீர்ந்துபோய் தோட்டத்தையே விற்றவருக்கு அது சின்னத் தொகை அல்ல.