நாய் ரசீது கேட்காது

கேள்வி: நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தெருநாய்களுக்குச் சோறு போடுகிறோம். பள்ளிகளுக்குப் போய் ஜீவகாருண்யம் பேசவும் ஆசை. அரசு மானியம் கிடைக்குமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சட்டத்தில் இடமிருக்கிறது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, விலங்கு நல அமைப்புகளுக்கு நிதியுதவி தருவதும், விலங்குகளிடம் கருணை காட்டக் கற்றுக்கொடுப்பதும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வேலை. 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கி, சென்னையில் பல ஆண்டுகள் இருந்த வாரியம் இப்போது அரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. திருச்சி நாயின் பசியைப் பல்லப்கருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்!

தனி ஆளுக்குப் பணம் வராது. சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்து, வாரியத்தின் அங்கீகாரம் வாங்கி, தணிக்கை செய்த கணக்கும் காட்ட வேண்டும். சோறு தின்ற நாய் ரசீது கேட்காது, ஆடிட்டர் கேட்பார். பிஸ்கட் வாங்கிய பில்லைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

தெருநாய்களுக்கான கருத்தடையும் தடுப்பூசியும் 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. அங்கீகாரம் பெற்ற அமைப்பைக் கொண்டு அதைச் செய்யலாம் என்பதால், அங்கீகாரத்துக்காக அலைவது வீண்போகாது.

பள்ளிப் பேச்சுக்கு மானியமே தேவையில்லை என்பேன், ஆனால் பேச்சு கட்டாயம் தேவை. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் வதைக்கு முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு டீ, இரண்டு வடைக் காசு! அந்த பயத்தில் யாரும் கல்லைக் கீழே போடப் போவதில்லை. பிள்ளைகளிடம் பேசித்தான் ஆக வேண்டும். மானியத்துக்கு விண்ணப்பியுங்கள், அதற்குள் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.