வலியின் விலை பத்து ரூபாய்

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் பெண்ணிடம் கேளுங்கள், வெடித்த குதிகாலில் உப்புநீர் ஏறினால் எப்படி இருக்கும் என்று. பதில் சொல்ல அவர் முனைவர் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. நம் பண்ணை மேதாவிகளுக்கோ இன்னும் சந்தேகம்: காயடித்தால் பன்றிக்குட்டிக்கு வலிக்குமா?

பிறந்து சில நாளான குட்டி. பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிறார்கள். பிளேடால் இரண்டு கீறல். விதையைப் பிதுக்கி, நரம்போடு இழுத்து அறுக்கிறார்கள். மஞ்சளையோ சாம்பலையோ அப்பித் தாயிடம் விடுகிறார்கள். குட்டி அலறுகிறதா? “பன்னின்னா கத்தத்தான் செய்யும்!” முடிந்தது ஆராய்ச்சி. இத்தனையும் எதற்கு? வளர்ந்த ஆண் பன்றியின் கறியில் வீச்சம் வருமாம். தின்பவர் மூக்கு நோகக் கூடாதல்லவா!

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம், 11ஆம் பிரிவில் வதையைக் குற்றம் என்றது. அதே பிரிவில், ‘விதித்த முறைப்படி’ காயடித்தால் குற்றமில்லை என்றும் சொன்னது. மருத்துவர்தான் செய்ய வேண்டும், மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று அந்த முறையை எழுதிய விதிகள் வந்தது 2023இல். அறுபத்து மூன்று ஆண்டு! கோப்புக்கு மட்டும் யாரோ தாராளமாக மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

வதை செய்தால் முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். பத்து ரூபாய்க்கு இன்று டீயும் வடையும் வராது. பன்றிப் பண்ணை வைக்கத் தேசியக் கால்நடை இயக்கம் தரும் மானியமோ 30 லட்சம் வரை.

வெள்ளைக்காரர்களிலும் எல்லோரும் யோக்கியர் இல்லை. நார்வே 2002இலேயே மயக்க மருந்தைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனியோ 2013இல் சட்டம் போட்டு, 2019இல் அமல் என்று சொல்லி, கடைசி நேரத்தில் வாய்தா வாங்கி, 2021இல்தான் வழிக்கு வந்தது.

மருந்து ஒன்றும் கிடைக்காத அமிர்தமல்ல. லிக்னோகைன் ஊசி போட்டுச் சில நிமிடம் பொறுத்தால் அறுக்கும் வலி குறையும், பின்வலிக்கு மெலாக்சிகாம். பாறு கழுகுகளைக் காப்பாற்ற 2006இல் டைக்ளோபினாக் என்ற வலி மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தபோது, மாற்றாகச் சொல்லப்பட்டதும் இதே மெலாக்சிகாம்தான். பிணம் தின்னும் பறவைக்காகத் தேடிய மருந்து, உயிரோடு அறுபடும் குட்டிக்கு எட்டவில்லை.

பிளேடு பிடிக்கும் ஏழையை மட்டும் ஏசிப் பயனில்லை. ஊரே ஒதுக்கிய பன்றிப் பட்டிக்கு மருத்துவரை அனுப்ப வேண்டியது அரசு. கோமாரித் தடுப்பூசிக்கு முகாம் போடத் தெரிந்த துறைக்கு இதற்கும் போடத் தெரியும். அபராதத்தைத் திருத்துங்கள், ஊசியை இலவசமாகக் கொடுங்கள். கறி வாங்குகிறவர்களே, கிலோ என்ன விலை என்று கேட்கும்போது, ஊசி போட்டுத்தான் காயடித்தீர்களா என்றும் கேளுங்கள்.