காமிக்ஸ் அண்ணன்

ஒரகடம் பக்கம் ஓடுகிற கம்பெனி பஸ் எதில் ஏறினாலும் சில ஆட்கள் கட்டாயம் இருப்பார்கள். உட்கார்ந்த மறுநிமிஷம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர் ஒருவர். வாலாஜாபாத் ரோட்டில் பிளாட் விற்கிறவர் ஒருவர். ஏலச்சீட்டுக்கு ஆள் பிடிக்கிறவர் ஒருவர். இவர்களிடமிருந்து தப்பிக்க வழி உண்டு. பிளாட்காரரிடம் சம்பளத்தைச் சொன்னால் அவரே ஒதுங்கிவிடுவார். சீட்டுக்காரரிடம் ஏற்கெனவே சீட்டுப் போட்டு ஏமாந்த கதையை எடுத்துவிடலாம். நாலாவதாக ஒருவர் இருக்கிறார், அவரிடம் எந்தப் பாச்சாவும் பலிக்காது. அவர்தான் காமிக்ஸ் அண்ணன்.

வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். குவாலிட்டியிலோ மெயின்டனன்ஸிலோ இருப்பார். புரொடக்‌ஷன்காரர்களுக்கு மூச்சு விடவே நேரமில்லை, புத்தகம் எங்கே படிப்பது? சொந்த ஊர் பெரும்பாலும் தெற்கே. சாத்தூர், ராஜபாளையம் என்று சிவகாசிக் காற்று அடிக்கிற ஊராக இருக்கும். பையில் டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், அப்புறம் சர்க்யூட் போர்டு வருகிற சில்வர் நிற ஆன்டிஸ்டாடிக் கவர் ஒன்று. ஸ்கிராப்பில் போனதைக் கேட்டு வாங்கியது. அதற்குள்ளே, பிரவுன் அட்டை போட்டு, ஒரு லயன் காமிக்ஸ்.

இந்தப் பக்கத்தில் ஆட்கள் காலத்தைக் கம்பெனிகளால் அளப்பார்கள். நோக்கியா வந்தது 2006, மூடியது 2014, ‘நோக்கியா மூடின வருஷம் எனக்குக் கல்யாணம்’ என்பார்கள். அண்ணனின் காலண்டர் தனி. முத்து காமிக்ஸ் தொடங்கிய 1972. லயனும் ராணி காமிக்ஸும் தொடங்கிய 1984. ராணி நின்றுபோன 2005. நடுவில் படுத்துக் கிடந்த லயன் எழுந்து வந்த 2012.

“நிசான் எப்பண்ணே இங்க வந்துச்சு?”

“லயன் திரும்பி வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.”

கணக்கு சரிதான். ஒரகடம் ஆலை திறந்தது 2010.

அண்ணனுக்கு வேண்டியதெல்லாம் புதிதாகச் சேர்ந்த ஒரு டிரெய்னி. அரியலூரிலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ டிப்ளமா முடித்துவிட்டு வந்தவனாக, பக்கத்து சீட்டில் பயந்துபோய் உட்கார்ந்திருக்க வேண்டும். “தம்பி, புக்கு படிக்கிற பழக்கம் உண்டா?” என்று ஆரம்பிப்பார். தம்பி மரியாதைக்காக, “பேப்பர்ல கன்னித்தீவு பாப்பேண்ணே” என்பான். அவ்வளவு போதும். சிங்கபெருமாள்கோவிலில் ஏறிய பஸ் ஒரகடம் மேம்பாலத்தைத் தொடுவதற்குள் தம்பிக்கு ஒரு பாடத்திட்டம் தயாராகிவிடும்.

“எடுத்த எடுப்புல எதையாவது படிக்கக் கூடாது. முதல்ல இரும்புக்கை மாயாவி. 1972-ல முத்து காமிக்ஸ் முதல் புக்கே அதான்.”

கதையையும் அங்கேயே சொல்லிவிடுவார். ஆய்வுக்கூட விபத்தில் கை போன ஒருவனுக்கு இரும்பில் கை பொருத்தியிருக்கிறது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962-ல் பிரிட்டனில் வாரப் பத்திரிகைத் தொடராக வந்ததை சிவகாசியில் தமிழாக்கினார்கள். மாயாவி எந்த ஸ்விட்ச் போர்டைக் கண்டாலும் விரலை நீட்டிவிடுவான். தம்பி அன்று காலையில்தான் சேஃப்டி டிரெய்னிங்கில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, தன் போட்டோ உள்ள டேகை மாட்டிவிட்டுத்தான் பேனலைத் தொட வேண்டும் என்று மூன்று மணி நேரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “இது நியர் மிஸ் ஆச்சேண்ணே? ரிப்போர்ட் பண்ண மாட்டாங்களா?” என்று அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அண்ணன் பதில் சொல்ல மாட்டார். ஆனால் ஒன்று. பிரஸ் ஷாப்பில் விரல் போனவர் யாராவது அதே பஸ்ஸில் இருந்தால், அன்றைக்கு அண்ணன் இரும்புக்கையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். நேரே டெக்ஸ் வில்லர் என்கிற இன்னொரு ஹீரோவுக்குத் தாவிவிடுவார்.

மாயாவி முடிந்தால் இன்னொரு மாயாவி. அங்கேதான் தம்பி முதன்முதலாகத் தடுமாறுவான். முத்துவில் மாயாவி என்றால் இரும்புக்கை. ராணியில் மாயாவி என்றால் முகமூடி போட்டுக் காட்டில் வாழ்கிறவர். அந்த முகமூடிக்காரரே முத்துவில் வந்தால் வேதாளர். “அப்ப வேதாளரும் மாயாவியும் ஒண்ணா?” “ஒண்ணு.” “மாயாவியும் மாயாவியும்?” “வேற வேற.” பார்ட் நம்பர் ஒரே மாதிரி இருந்து உள்ளே சாமான் வேறாக இருந்தால் லைனையே நிறுத்துகிற குவாலிட்டிக்காரர், இதை மட்டும் எந்த உறுத்தலும் இல்லாமல் சொல்வார்.

பாடத்திட்டத்தில் மாடஸ்டி உண்டு (லயனின் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’), ஸ்பைடர் உண்டு, ஆர்ச்சி என்கிற ரோபோ உண்டு. ஏழெட்டு மாதம் தேறி வந்தால்தான் ‘இரத்தப் படலம்’. நினைவு தவறிப்போன ஒருவன், பெயர் தெரியாது, ஊர் தெரியாது, தோள் எலும்போரம் பச்சை குத்திய 13 என்ற எண் மட்டும்தான் அடையாளம். அந்தக் கதையின் பதினெட்டுப் பாகங்களையும் 2010-ல் ஒரே குண்டு புத்தகமாகக் கறுப்பு வெள்ளையில் போட்டார்கள். அதைச் சொல்லும்போது அண்ணனின் குரல் இறங்கிவிடும். தம்பிக்கு அந்தக் கதை சட்டென்று புரியும். அவனையும் ஷாப் ஃப்ளோரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டோக்கன் நம்பர்தான். “அவனுக்குக் கடைசியில பேரு கிடைச்சிதாண்ணே?” என்று உண்மையான அக்கறையோடு கேட்பான். “அதெல்லாம் இப்ப சொல்ல முடியாது. முதல்ல மாயாவி முடி.”

இத்தனையிலும் அண்ணன் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தம்பிக்கு என்ன பிடிக்கும்? பேய்க்கதையா, சிரிப்பா, துப்பறிவதா, கிரிக்கெட்டா? அது அண்ணனுக்கு அநாவசியம். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், சாத்தூர் வீட்டுத் திண்ணையில், கையில் கடலைமிட்டாயோடு எந்த வரிசையில் படித்தாரோ அதே வரிசையில் இன்னொரு ஜீவன் படிக்க வேண்டும். படித்துவிட்டு அதே இடத்தில் ‘ஐயோ’ என்று சொல்ல வேண்டும். தம்பிக்கோ சி ஷிப்ட் முடிந்து மாத்தூரில் ஆறு பேர் தங்குகிற ரூமுக்கு வந்து, பாத்ரூமுக்கு வரிசையில் நின்று, படுத்துக்கொண்டு படிக்கத்தான் முடியும். அந்தத் திண்ணையையும் லீவையும் சேர்த்துக் கொடுத்தால் ஒருவேளை ‘ஐயோ’ வரலாம்.

பேப்பரில் கன்னித்தீவு படக்கதை 1960-லிருந்து வந்துகொண்டிருக்கிறது. அதை முதல் நாளிலிருந்து படித்தவன் மட்டும்தான் இன்றைய துண்டைப் பார்க்கலாம் என்று யாராவது சட்டம் போட்டிருந்தால் டீக்கடைகளில் பேப்பரே விற்றிருக்காது. எங்கே நுழைந்தாலும் நடுவில்தான், யாருக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை. இதை அண்ணனிடம் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. “அது வேற தம்பி” என்பார்.

அண்ணனுக்குப் போட்டி இல்லாமல் இல்லை. டிசைனில் இருக்கிற கிராஃபிக் நாவல் சார் காமிக்ஸ் என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார். கேன்டீனில் தம்பி மாட்டினால் ‘மவுஸ்’ கொடுப்பார். 1992-ல் புலிட்சர் சிறப்புப் பரிசு வாங்கியது என்ற தகவலோடு கொடுப்பார். அட்டையைப் பார்த்துவிட்டு, “டாம் அண்ட் ஜெர்ரி மாதிரியா சார்?” என்று தம்பி கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். யூதர்களை எலியாகவும் நாஜிகளைப் பூனையாகவும் வரைந்த புத்தகம் அது. கேள்வி அப்படியொன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. இங்கிலீஷில்தான் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? அம்பேத்கர் வாழ்க்கையைக் கோண்டு ஓவியர்கள் வரைந்த ‘பீமாயணம்’ தமிழில் காலச்சுவடு போட்டு வந்திருக்கிறது. தண்ணீர் குடிக்க விடாத ஊரைப் பற்றி அரியலூர்ப் பையனுக்குப் பொழிப்புரை தேவைப்படாது. சாருக்கு அது தெரியும். ஆனால் தமிழில் படித்தால் கிராஃபிக் நாவல் ஆகாது என்று ஒரு நம்பிக்கை.

ஜப்பானுக்கு ஆறு மாத டிரெய்னிங் போய்வந்தவர் இன்னொருவர். புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து காட்டி அசர வைப்பார். 1983-ல் தொடங்கிய ஷிமா கோசாகு கதையைச் சொல்வார்: எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் செக்‌ஷன் மேனேஜராக இருக்கிற ஒருவன் படிப்படியாகப் பதவி உயர்ந்து கம்பெனித் தலைவர் வரைக்கும் போகிறான். தம்பி கேட்டது ஒரே கேள்வி. “சேரும்போது அவரு கான்ட்ராக்ட்டா, பெர்மனென்ட்டாண்ணே?”

என்னைக் கேட்டால் லக்கி லூக் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். நிழலைவிட வேகமாகச் சுடுகிற கௌபாய், உயர வாரியாக நிற்கிற நாலு டால்டன் சகோதரர்கள், நாற்பத்துச் சொச்சம் பக்கம். படப்பை டிராஃபிக்கில் பஸ் நின்றால் ஒரு பயணத்தில் முடிந்துவிடும். முன்கதை தெரிய வேண்டியதில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னேன். “அது ஜோக்கு புக்கு சார். பையன் கெட்டுருவான்.”

இனி அண்ணன் இரவல் தருகிற முறை. வெர்னியர் கேலிப்பரைக் கொடுத்து வாங்குகிற ரிஜிஸ்டர் போல ஒரு டைரி வைத்திருக்கிறார். தேதி, பெயர், டோக்கன் நம்பர், ‘நாலு முனையும் மடங்கவில்லை, பின் துரு இல்லை’ என்ற குறிப்பு, கையெழுத்து. கை கழுவிவிட்டுத் தொட வேண்டும், சாப்பிடும்போது திறக்கக் கூடாது, குப்புறக் கவிழ்த்து வைக்கக் கூடாது. திரும்பி வந்ததும் பஸ் லைட்டில் ஆய்வு. டிரைவர் லைட்டை அணைத்துவிட்டால் செல்போன் டார்ச். பக்கம் பக்கமாகப் புரட்டி, கிரீஸ் ரேகை தென்பட்டால் தம்பியை ஒரு பார்வை பார்ப்பார். ஆடிட்டில் சிக்கியவர்களுக்குத்தான் அந்தப் பார்வை தெரியும். இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் உண்டு. சந்தா கட்டி, கூரியரில் கம்பெனி கேட்டுக்கு வரவழைத்து, செக்யூரிட்டி பிரித்துப் பார்க்காமல் இருக்கக் கெஞ்சி வாங்குகிற புத்தகம். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போனால் அதையே இன்னொன்று வாங்குவார். ஒன்று படிக்க, ஒன்று வைக்க.

எங்கள் ரூட் அண்ணன் ஒரு டெக்ஸ் வில்லரை ஒரு தம்பிக்குக் கொடுத்தார். டெக்ஸ் 1948-லிருந்து இத்தாலியில் வருகிறவர், இங்கே இருக்கிற ரசிகர்களுக்கு அவர் ‘தல’. அட்டையில் மஞ்சள் சட்டை போட்டிருப்பார். உள்ளே கறுப்பு வெள்ளை, மஞ்சள் என்று நாம்தான் நம்பிக்கொள்ள வேண்டும். கெடு தாண்டி இரண்டு வாரம் ஆகியும் புத்தகம் வரவில்லை. தம்பி, “ரூம்ல இருக்குண்ணே” என்று இழுத்தான். ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு அண்ணன் டைரியோடு நேரே மாத்தூர் ரூமுக்கே போய்விட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

தம்பி ஓ.டி.க்குப் போயிருந்தான். டெக்ஸ் அவனுடைய ரூம்மேட் கையில் இருந்தார். கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்து அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிற ஒடியாப் பையன். தமிழ் கொஞ்சம் பேசுவான், ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. பாதிப் புத்தகம் தாண்டியிருந்தான். லைனில் அவன் எதிரே தொங்குகிற வேலை விவரமும் படமாகத்தான் இருக்கிறது: கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்டு, தப்பாக மாட்டியதற்குப் பெருக்கல் குறி, சரியாக மாட்டியதற்கு டிக். பல மாநில ஆட்கள் நிற்கிற இடத்தில் எழுத்தை நம்பி வேலை நடக்காது. ஆக அவன் தினமும் எட்டு மணி நேரம் படக்கதை பார்க்கிறவன்.

“படிக்கத் தெரியாம என்னடா பாக்குற?” என்றார் அண்ணன், கையை நீட்டியபடி.

அவன் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. நாலு பக்கம் பின்னால் புரட்டி, ஒரு கட்டத்தில் விரலை வைத்தான். டெக்ஸ் பாறைக்குப் பின்னால் குனிந்து சுடுகிறார்.

“அண்ணா, துப்பாக்கி ஆறு.”

“ஆமா, ஆறு குண்டு. கோல்ட் ரிவால்வர்.”

விரல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது. “ஒண்ணு. ரெண்டு. மூணு நாலு. அஞ்சு. ஆறு.” பக்கத்தைத் திருப்பினான். “ஏழு. எட்டு. குண்டு போடல அண்ணா.”

இருபது வருஷ குவாலிட்டி அனுபவம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அண்ணன் அந்தப் புத்தகத்தைக் குறைந்தது ஐந்தாறு முறை படித்திருப்பார், பலூனுக்குள் இருக்கிற எழுத்தை மட்டும். “நடுவுல போட்டிருப்பாருடா, வரையாம விட்டிருப்பாங்க” என்று சொல்லிப் பார்த்தார். பையன் சிரித்தான். “வேற புக் இருக்கா?” என்றான். அண்ணன் டைரியைத் திறந்து, அவன் டோக்கன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மாயாவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பி ஷிப்ட் பஸ்ஸில் புது டிரெய்னி ஒருவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. மடியில் ஒரு பழைய டெக்ஸ். இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார். முன் சீட்டுக்காரர் திரும்பி, “என்னண்ணே, ஏதாவது ஜபமா?” என்றார்.

“குறுக்க பேசாதய்யா” என்றார் அண்ணன். “இப்பதான் அஞ்சு ஆச்சு.”