தோற்றவர் வீட்டுக்குப் போகணும்!

கேள்வி: வெளிநாட்டுப் படையெடுப்பைவிட உள்நாட்டு அரசியல் வன்முறைதான் ஜனநாயகத்துக்குப் பெரிய ஆபத்தாமே?

பதில்: வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க நாடாளுமன்றமான கேப்பிட்டல் கட்டடத்துக்கு இரண்டு அனுபவமும் உண்டு. 1814-ல் அதற்குத் தீ வைத்தது பிரிட்டிஷ் ராணுவம். சீருடையில் வந்ததால் எதிரி யார் என்பதில் குழப்பமே இல்லை. 2021 ஜனவரி 6 அன்று ஜன்னலை உடைத்துக் குதித்தவர்களோ தேர்தலில் தோற்ற டிரம்பின் ஆதரவாளர்கள்; அமெரிக்கக் கொடியோடு வந்தார்கள். சிலர் கொடிக்கம்பாலேயே போலீஸாரை அடித்தார்கள். தேசபக்தி தலைக்கேறினால் கம்பும் கையோடு வரும்போல!

அதிபர் தேர்தலில் மாநிலத் தேர்வாளர்கள் போட்ட வாக்குகளை எண்ணி அறிவிக்கும் நாள் அது. கும்பல் நெருங்கியதும், மாநிலங்கள் அனுப்பிய சான்றிதழ்கள் இருந்த மரப்பெட்டிகளை செனட் ஊழியர்கள் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். வெள்ளம் வந்தால் நாம் ரேஷன் கார்டையும் வீட்டுப் பத்திரத்தையும் முதலில் எடுப்போமே, அப்படி. அணுகுண்டு வைத்திருக்கும் வல்லரசின் ஜனநாயகம், அன்று ஒரு பெட்டியின் கைப்பிடியில் தொங்கியது. அன்றிரவே சபை மறுபடி கூடி, பொழுது விடிவதற்குள் எண்ணி முடித்தது: பைடன் 306, டிரம்ப் 232.

கேள்வி: உடைத்தவர்களுக்குத் தண்டனை?

பதில்: கிடைத்தது. நேரில் வராமல் சதி செய்த ஒருவருக்கு 22 ஆண்டுகூடக் கிடைத்தது. 2025 ஜனவரி 20-ல் மறுபடி பதவியேற்ற டிரம்ப், அன்றே சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார். உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டிவிடலாம். 'உடைத்தாலும் ஒன்றும் ஆகாது' என்ற நினைப்புக்கு எதை மாட்டுவது? ஜனநாயகம் ஓடுவதே, தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டாவது வீட்டுக்குப் போவதால்தான்.