ஓரியின் அம்பும் மாயாவியின் கையும்: எவரும் கேட்காத ஓர் ஆய்வு

ஐம்பது வயதைத் தாண்டிய தமிழ் காமிக்ஸ் ரசிகர்கள் இருவர் சந்தித்தால் முதலில் சர்க்கரை அளவையும் அடுத்து லூயிஸ் கிராண்டேலையும் பற்றிப் பேசுவார்கள் என்பது நிறுவத் தேவையில்லாத உண்மை. கிராண்டேல் யார் என்று கேட்பவரையும் இவ்வாய்வு விலக்கி வைக்காது, பின்வரிசையில் உட்காரட்டும். 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் பிறந்து, 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவிதான் அவர். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் திரியும். உடம்போடு சட்டையும் ஏன் மறைகிறது, கை மட்டும் ஏன் மறைவதில்லை என்ற வழக்கு இன்றுவரை தீர்ப்பின்றி நிலுவையில் இருக்கிறது.

இப்படி நுணுகி நுணுகிச் சண்டை போடும் மரபு நியூயார்க்கில் தோன்றியது என்பார்கள் மேலைநாட்டார். அது நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் தோன்றியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதன்மைச் சான்று புறநானூற்றின் 152ஆம் பாட்டு. (ரசிகர் வழக்கில் சொன்னால், இதழ் எண் 152.) பாடியவர் வன்பரணர், நாயகன் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. அவன் எய்த அம்பு ஒன்றுதான். அது யானையை வீழ்த்தி, வாய் பிளந்த புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, பக்கத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. 1941இல் வந்த காமிக்ஸ் வில்லாளி கிரீன் ஏரோவுக்குக் குத்துச்சண்டைக் கையுறை மாட்டிய அம்பு தேவைப்பட்டது. 1964இல் வந்த ஹாக்ஐக்கு விதவிதமான தந்திர அம்புகள் வேண்டியிருந்தன. ஓரியிடம் இருந்தது வெறும் அம்பு. 1972 என்பது மாயாவி தமிழுக்கு வந்த ஆண்டு மட்டுமன்று, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த ஆண்டும் அதுதான். ஓரி இன்று அந்த அம்பை விட்டிருந்தால் யானை, புலி, உடும்பு மூன்றுக்கும் முதல் அட்டவணையிலேயே வழக்கு பாய்ந்திருக்கும்.

கள ஆய்வு கொல்லிமலைமேல் உள்ள செம்மேட்டு டீக்கடை ஒன்றில் நடந்தது. வந்திருந்த ரசிகர்களில் ஒருவர் மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட பழைய முத்து காமிக்ஸ். முன்னட்டை இல்லை, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து மூன்றாம் பக்கம்வரை பழுப்பு இறங்கியிருந்தது, உள்ளே ஏதோ ஒரு வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை. அதைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும் என்பது ஆய்வு நெறி.

அவர்தான் தொடங்கினார்: "யானையிலிருந்து உடும்புக்கு அம்பு இறங்கி வருது, சரி. நடுவுல புலியைவிட மான் உசரமாச்சே, அதெப்படிங்க?"

"அண்ணா, நீங்க கடமானை நினைச்சுட்டுப் பேசறீங்க. பாட்டுல இருக்கறது புள்ளி போட்ட கலைமானுங்க. அது புலி உசரந்தான் வரும்."

"சரி, அஞ்சும் ஒரே வரிசையில எதுக்குங்க நின்னுச்சு? ரேஷன் கடையா?"

இதற்கு மலைச்சரிவுக் கொள்கையினர் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். கொல்லிமலையில் சமதரை என்பதே அரிது. அம்பு தாழ வேண்டியதில்லை, தரையே தாழ்ந்துகொடுக்கும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் கடந்து வந்தவர் எவரும் இக்கொள்கையை மறுக்கத் துணியார்.

ஆனால் அம்பைவிட முக்கியமான துப்பு அதே பாட்டில் இருக்கிறது. அம்பிலேயே மயங்கிவிடும் ரசிகர்கள் அதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். பாணர் கூட்டத்துக்கு அந்த வேடன் யாரென்று தெரியாது. மார்பில் ஆரம் தொங்குகிறது, இறைச்சி விற்கிறவன் மாதிரியும் தெரியவில்லை. ஓரியாக இருக்குமோ, இருக்காதோ என்று குழம்புகிறார்கள். பாட்டுப் பாடி அவனைத் தலைவன் என்று விளித்ததும் அவன் நாணுகிறான். பிறகு மான் இறைச்சி, மது, பொன், மணி என்று வாரிக் கொடுக்கிறான். கிளார்க் கென்ட்டாக மறையும் சூப்பர்மேனுக்கு மூக்குக்கண்ணாடி, ஓரிக்கு வேடர் கோலம். மறைவு வேடத்தைக் காட்டிக்கொடுப்பது கழுத்தில் கிடக்கும் நகை என்ற நுட்பமும் இதிலேயே வந்துவிட்டது.

இன்னும் கேளுங்கள். 150ஆம் பாட்டும் வன்பரணருடையதே. அங்கேயும் காட்டில் ஒரு வேடன் வருகிறான், பசித்தவர்களுக்குத் தன் கையாலேயே இறைச்சி சுட்டுக் கொடுக்கிறான், நகையைக் கழற்றித் தருகிறான், பெயரையும் நாட்டையும் மட்டும் சொல்ல மறுக்கிறான். அவன் கண்டீரக்கோப் பெருநள்ளி. ஒரே எழுத்தாளர், ஒரே கதைக்கரு, இரண்டு நாயகர்கள்! 1938இல் வெளிவந்த சூப்பர்மேனை ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து படைத்த ஜெர்ரி சீகல், அறுபதுகளில் இங்கிலாந்துக்காக ஸ்பைடர் கதைகளை எழுதினார். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்த அதே கூர்மண்டை ஸ்பைடர்தான். சூப்பர்மேனும் ஸ்பைடரும் ஒரே பேனாவுக்கு உரியவர்கள் என்ற தகவலை எடுத்துவிட்டுச் சபையை அடக்கும் ரசிகர், நள்ளியும் ஓரியும் ஒரே எழுத்தாணிக்கு உரியவர்கள் என்பதையும் இனிச் சேர்த்துச் சொல்லலாம்.

இதே மலையின் பெண்பாவையான கொல்லிப்பாவை விவகாரம் வேறு வகை. நற்றிணை 192ஆம் பாட்டு அவளைப் பூதம் செய்தது என்கிறது. 201ஆம் பாட்டு காற்று, மழை, இடி, நிலநடுக்கம் எதுவும் அவள் அழகைக் குலைக்காது என்கிறது. அவளுக்கு உண்டென்று இன்று சொல்லப்படும், சிரித்தே ஆளைக் கொல்லும் சக்தி இவ்விரண்டிலும் இல்லை. பழைய இதழில் இல்லாத சக்தியைப் பிற்காலத்தார் ஏற்றிவிடும் வழக்கம் காமிக்ஸ் உலகில் அன்றாடம் நடப்பதுதான். மலையில் இன்று அவளை எட்டுக்கை அம்மனாக வழிபடுகிறார்கள். காமிக்ஸ் வில்லன் டாக்டர் ஆக்டோபஸுக்குக் காலையும் சேர்த்து எண்ணினால்தான் எட்டு தேறும்.

ஓரியின் முடிவு சோகமானது. திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூற்று 209ஆம் பாட்டு. காரியின் குதிரைக்குப் பெயர் காரி, ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி என்று சிறுபாணாற்றுப்படை பதிவு செய்திருக்கிறது. போர்க்களத்தில் "ஐயோ, ஓரி!" என்று கத்தினால் எவன் எதை நினைத்துக்கொள்வான் என்பது தனி முனைவர் பட்டத்துக்கு உரிய பொருள். 1992இல் செத்த சூப்பர்மேன் அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். ஓரிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. செம்மேட்டில் குதிரைமேல் சிலையும், ஆடி மாதத்தில் அரசு விழாவும், விற்போட்டியும் கிடைத்தன.

அந்தச் சிலையால் புதுச் சர்ச்சை ஒன்று கிளம்பியிருக்கிறது: 152ஆம் பாட்டின் வேட்டையில் குதிரை எங்கே? நான் படித்தவரை அதில் குதிரை இல்லை. நடந்துபோய்த்தான் எய்தான் என்பது என் தீர்ப்பு. மறுப்பவர்கள் ஆடி விழாவுக்குப் புறநானூற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வரவும். பேருந்தில் முன்சீட்டைப் பிடிக்கவும், காரவள்ளியிலேயே எலுமிச்சம்பழம் வாங்கிக்கொள்ளவும்.