வலக்கைக்குப் பென்சன்

அரசாங்கம் எனக்குப் பென்சன் கொடுத்துவிட்டது. என் வலக்கைக்கு இன்னும் கொடுக்கவில்லை. கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுத் தேய்ந்த அதே கை, இப்போது ஒரு நூறு சீசீ மோட்டார் சைக்கிளின் எக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடி கல்முனைச் சந்தைக்கும், மகளைப் பார்க்க அக்கரைப்பற்றுக்கும், ஆடி பிறந்தால் கதிர்காமத்துக்கும் போய் வருகிறது. இடக்கையைப் பாருங்கள். எப்போதாவது கிளச்சைப் பிடிக்கும், மற்ற நேரமெல்லாம் சும்மா சாய்ந்து கிடக்கும். எந்தக் கந்தோருக்குப் போனாலும் அப்படி ஒருவரைக் காணலாம். சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான்.

கதிர்காமப் பயணத்தில் பொத்துவிலைத் தாண்டும்போது சுண்டுவிரல் விறைக்கும். லகுகலை வரும்போது மோதிரவிரலும் சேர்ந்துகொள்ளும். மொனராகலையில் இறங்கிப் பிளேன்ரீக் கோப்பையைத் தூக்கினால், கோப்பை மேலே வந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதிப்படுத்த வேண்டும். டொக்டரிடம் போனேன். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் ஒரு நரம்பின் பொறுப்பாம். அது சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேட்டினூடாகப் போகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் அது வேறு நரம்பாம், மணிக்கட்டில் ஓர் ஒடுங்கிய வழியால் நுழைந்து வருவது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வும், மணிக்கட்டை மடித்து மணிக்கணக்காகப் பிடித்திருப்பதும் இரண்டையும் நெரிக்கும் என்றார். “பைக் ஓடுறதக் குறையுங்க” என்று மருந்தும் சொன்னார். அந்த மருந்து எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று வேளையும் இலவசமாகக் கிடைக்கிறது.

கட்டாரில் இருக்கும் மகன்தான் போனில் தீயை மூட்டினான். “அப்பா, அதுக்கெண்டே ஒரு சாமான் இருக்கு. த்ரோட்டில் லொக். எக்ஸிலேட்டர முறுக்கின இடத்திலயே பூட்டி வச்சிரும். நீங்க கைய எடுத்துரலாம்.”

ஒரு சாமான் இருக்கிறது என்று தெரிந்தபிறகு அது இல்லாமல் வாழ என்னால் ஏலாது. அலுமாரிக்கு மேலே பார்த்தால் உங்களுக்கே விளங்கும். தண்ணித் தாங்கி நிறைந்ததும் மோட்டரைத் தானாக நிறுத்தும் சுவிட்ச், மின்சாரத் தேங்காய்த் துருவி, கொசுவை ஊதா வெளிச்சத்தால் ஏமாற்றும் கூடு எல்லாம் அங்கே பென்சன் எடுத்திருக்கின்றன. கொசுக்கள் மட்டும் சேவையில் நீடிக்கின்றன.

பூட்டை ஆராயப் போனவன் எக்ஸிலேட்டரையே முதலில் படிக்க வேண்டியதாயிற்று. கைபிடியை முறுக்கினால் கேபிள் இழுபடும், கேபிள் காபரேட்டரின் வாயைத் திறக்கும். கையை விட்டதும் ஒரு ஸ்பிரிங் அதை மூடிவிடும். இத்தனை வருடமும் என் வலக்கை சண்டை பிடித்தது இந்த ஸ்பிரிங்கோடுதான். ஆனால் ஸ்பிரிங்கின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஓடுகிறவன் விழுந்தாலும், மயங்கினாலும், முன்னால் மாடு வந்து கையை உதறினாலும் எஞ்சினை அடக்குவது அதுதான். கையை எடுத்தால் எக்ஸிலேட்டர் தானாக மூட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே அமெரிக்காவில், ஸ்பிரிங்கை மூடவிடாமல் பிடிக்கும் சாமானையும் விற்கிறார்கள்.

இந்த ஆசை புதிதல்ல. பழைய ஹார்லி டேவிட்சன்களில் எக்ஸிலேட்டரின் அடியில் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. பெருவிரலால் அதை இறுக்கினால் கைபிடி நின்ற இடத்திலேயே நிற்கும். இப்போது வருகிறவை நாகரிகமானவை. அட்லஸ் என்றொன்று: கைபிடிக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் இடையில் வளையமாகக் கவ்விக்கொள்ளும், பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் இரண்டு பொத்தான், ஒன்று பூட்ட, ஒன்று திறக்க. தென்னாபிரிக்காவில் செய்யும் காவோகோ இன்னொன்று: ஹேண்டிலின் அந்தத்தில் இருக்கும் கட்டையைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டுவார்கள், அதன் வளையத்தைத் திருகினால் கைபிடியின் முனையை உராய்ந்து பிடிக்கும். அட்லஸின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். முப்பதாயிரத்தைத் தாண்டி ஓடியது. அதற்குப் பிறகு கப்பல் கூலி, சுங்கம்.

இந்த விலையை வீட்டில் சொல்ல ஒரு நல்ல நேரம் பார்த்தேன். நல்ல நேரம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

“இஞ்சேருங்க” என்றாள் மனிசி, மீன் வெட்டுவதை நிறுத்தாமல். “கை விறைக்குதெண்டா நிப்பாட்டி இறங்குங்க. அதுக்கு ஆரும் காசு கேக்கிறல்ல.”

அறிவியலை மீன் வெட்டும் இடத்தில் விவாதிக்கக் கூடாது என்று ஒதுங்கிவிட்டேன்.

ஆனாலும் ரால்ஃப் டீட்டரின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்கப் பொறியியலாளர், ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். அவருடைய வக்கீல் காரோட்டும்போது பேசினால் வேகம் குறையுமாம், கேட்டுக்கொண்டிருந்தால் கூடுமாம். அந்தத் தள்ளாட்டத்தில் பக்கத்தில் இருந்து சலித்துத்தான், வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவியை அவர் செய்தார் என்பார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது, 1958இல் கிறைஸ்லரின் இம்பீரியல் காரில் வந்தது. எங்கள் வீட்டு வாகனத்தில் விதி வேறு. பின்னாலிருந்து மனிசி பேசத் தொடங்கினால் வேகம் தானாகக் கூடும். போய்ச் சேர்ந்தால் பேச்சு முடியும் என்பது கைக்கே தெரியும்.

தானாக ஓடும் வாகனமும் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கடலில் தடைப்பட்டு நின்ற, பழங்காலத்து அரசி சீர்பாததேவியின் கப்பலில் பிள்ளையாரை ஏற்றி, இது தங்குதடையில்லாமல் எங்கே போய்க் கரை சேர்கிறதோ அங்கே கோயில் எடுப்போம் என்று நேர்ந்துகொண்டார்களாம். கப்பல் வந்து சேர்ந்த இடம்தான் வீரமுனை, கோயில்தான் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் என்பது ஐதீகம். அந்தக் கப்பலைப் பிள்ளையார் பார்த்துக்கொண்டார். என் பைக்கையும் அவர் தலையிலேயே போட எனக்கு மனம் வரவில்லை.

சம்மாந்துறையில் எனக்குப் பழக்கமான கராஜ் ஒன்று உண்டு. அதை நடத்துகிறவரை ஊரே காக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். என் பைக்கின் வயிற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள் அல்லவா, அந்த இடைவெளியில் என் பைக்கை உயிரோடு வைத்திருந்தவர் அவர்தான். அந்த வருடங்களில் பைக்கின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அதன் சொந்தக்காரனின் மதிப்பு வீட்டில் அப்படியே இருந்தது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டிக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் வாங்கிய காலத்தில், எக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்தால் எண்ணெய் மிஞ்சும் என்று எனக்குச் சொல்லித் தந்ததும் காக்காதான். விறைப்பு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

போனில் படங்களைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கிளாக்கரையா, இந்தச் சாமான் உங்கட வளவுக்கு முன்னாலயே ஓடுது. லேண்ட்மாஸ்டரப் பாக்கல்லயா நீங்க?”

உண்மைதான். கல்லோயாத் தண்ணீர் பாயும் எங்கள் வயல்களில் லேண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு மிசினைப் பிடிக்கிற பொடியன் எக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டா நடக்கிறான்? சின்னப் பிடியொன்றைத் தள்ளி வைக்கிறான், அது வைத்த இடத்தில் நிற்கிறது. நாலு சக்கரப் பெரிய உழவு மிசினிலும் கையால் வைக்கும் பிடி ஒன்று உண்டு. உலகம் முழுக்கத் தேடிய பொருள் வாய்க்காலுக்கு அப்பால் சேற்றில் போய்க்கொண்டிருந்தது.

“அப்ப அந்தப் பிடியையே ஒண்டு இதில பூட்டினா?” என்று கேட்டேன்.

அதற்குக் காக்கா சொன்ன விளக்கத்தைத்தான் நான் முப்பதாயிரத்துக்கு வாங்க இருந்தேன். லேண்ட்மாஸ்டரின் டீசல் எஞ்சினுக்குள் கவர்னர் என்றொரு காவல்காரன் இருக்கிறான். சேறு இறுகி எஞ்சின் திணறினால் டீசலைக் கூட்டுவான், லேசானால் குறைப்பான். பிடி சொல்வது வேகத்தை, அதைக் காப்பாற்றுவது அவன். டீட்டரின் கருவியும் வேகத்தைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கும். இப்போது சில பெரிய பைக்குகளில் வருவதும் அந்த ஜாதிதான், பிரேக்கைத் தொட்டாலே விட்டுவிடும். த்ரோட்டில் லொக்குக்கு இந்த அறிவு எதுவும் கிடையாது. அது வேகத்தைப் பிடிப்பதில்லை, காபரேட்டரின் வாயை மட்டும் திறந்த அளவில் பிடிக்கும். ஏற்றம் வந்தால் பைக் சோரும், இறக்கம் வந்தால் பாயும், எதிர்க்காற்றில் இழுபடும். பூட்டிய நிலையில் கிளச்சைப் பிடித்தால் எஞ்சின் அலறும். “காலால பிரேக் அடிப்பீங்க, மற்றப் பக்கம் மிசின் உங்கள இழுக்கும். ஆரு வெல்லுறண்டு பாக்கலாம்” என்றார் காக்கா.

அப்படியானால் மட்டமான, நேரான, வெறிச்சோடிய வீதி வேண்டும். இலங்கையில் அப்படி அதிவேக நெடுஞ்சாலைகள் இருக்கின்றன. அவற்றில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

மிஞ்சுவது எங்கள் ஏ4. கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பு வரைக்கும் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். அம்பாறை, சியம்பலாண்டுவ வழியால் போனால் கதிர்காமம் கிட்ட. ஆனால் பூட்டுக்கு ஏற்ற மட்டமான தரை கடற்கரைப் பக்கம்தான் என்று நான் வாதாடினேன். சாமான் வாங்க முதலே சாமானுக்காகப் பாதைக்கு நியாயம் தேடியவன் நான்தான். சரி, மட்டம்தான். காரைதீவுச் சந்தியில் தெற்கே திரும்பினால் நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஓர் ஊர் முடிந்தது தெரிய முன்பே அடுத்த ஊர் வந்துவிடும். ஒரு சந்தியில் ஓட்டோ குறுக்கே திரும்பும், இன்னொன்றில் பள்ளிக்கூடம் விட்டிருக்கும். வெள்ளிக்கிழமை பகல் என்றால் ஜும்ஆவுக்குப் போகிறவர்களால் தெரு நிறைந்திருக்கும். அறுவடைக் காலத்தில் தாரில் நெல் காயும். மாடுகள் எல்லாக் காலத்திலும் காயும். எக்ஸிலேட்டரைப் பூட்டினால் பூட்டிய கையாலேயே திறக்க வேண்டும்.

திருக்கோவிலைத் தாண்டினால்தான் கொஞ்சம் மூச்சு. கோமாரிப் பக்கம் ஆளரவம் குறையும், கடல்காற்று வரும், பைக் தன்பாட்டில் ஓடும். வலக்கைக்கு அங்கே லீவு கொடுக்கலாம். ஆனால் பொத்துவிலுக்கு மேற்கே திரும்பியதும் லகுகலைக் காடு. யானை வீதியைக் கடக்கும்போது எக்ஸிலேட்டரைப் பூட்டிவிட்டுக் கையை உதறிக்கொண்டிருப்பவரை யானை எப்படி மதிக்கும் என்று சொல்ல முடியாது. புத்தளைக்கும் கதிர்காமத்துக்கும் இடையில் யானைகள் வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கும். அங்கே தேவைப்படுவது பூட்டு அல்ல, முழு எக்ஸிலேட்டர்.

இன்னொன்றும் யோசித்தேன். வலக்கை விடுதலையானால் அது என்ன செய்யும்? முன் பிரேக் அந்தக் கைக்குரியது. அதை விட்டுவிட்டு மூக்கைச் சொறியும், போனை எடுக்கும், கடந்து போகிற தெரிந்தவருக்கெல்லாம் சலாம் வைக்கும். கந்தோரில் வேலை குறைந்த நாட்களில் அது என்ன செய்தது என்பதற்கு நானே சாட்சி.

காக்கா டியூப் ரப்பரில் ஒரு வளையம் வெட்டி, கைபிடி முனைக்கும் ஹேண்டில் கட்டைக்கும் இடையில் சொருகிக் காட்டினார். காசு வாங்கவில்லை. எக்ஸிலேட்டர் நின்றது. “வெயிலுக்கு ரப்பர் இளகும், மழைக்கு வழுக்கும், நம்பேலா” என்று அவரே கழற்றியும் விட்டார். பிறகு ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்து மாட்டினார். உள்ளங்கை தங்க ஒரு சிறு பலகை, கைபிடியைச் சுற்றிக் கவ்வும், வேறு ஒன்றும் இல்லை. பூட்டாது. விரல்களை விரித்துவிட்டு உள்ளங்கையின் பாரத்தால் மட்டும் எக்ஸிலேட்டரை அமர்த்தி வைக்கலாம். கையை எடுத்தால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யும். வெளிநாட்டில் கிராம்ப்பஸ்டர் என்ற பெயரில் விற்பது இதைத்தான். அதற்கும் ஒரு குணம் உண்டு: ஊருக்குள் மெதுவாகத் திரும்பும்போது அல்லது முன் பிரேக்குக்கு விரலை நீட்டும்போது உள்ளங்கை தெரியாமல் அதை அமுக்கினால் பைக் முன்னால் துள்ளும். ஆகவே சந்திகளில் அதைக் கீழ்நோக்கித் திருப்பிவிட வேண்டும், வெளி வீதியில் மேலே எடுக்க வேண்டும்.

எனக்கு இதுதான் முடிவு. தட்டோடு கோமாரியில் ஒரு தேத்தண்ணி, சியம்பலாண்டுவையில் ஒரு தேத்தண்ணி. இறங்கி நின்று கையை உதறுவதில் உள்ள பலன் எந்தப் பூட்டிலும் இல்லை. மனிசி சொன்னதும் இதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் தேத்தண்ணியைச் சொல்லவில்லை. அது என் ஆராய்ச்சி.

பெரிய பைக்கில் நாடு விட்டு நாடு போகிறவர்கள் அட்லஸோ காவோகோவோ வாங்கட்டும். வாங்குகிறவர்கள், பூட்டிய நிலையிலும் கையால் முறுக்கி மூட முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முடியாததை இலவசமாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம். எதை வாங்க முன்பும் எஞ்சினை நிறுத்தி, ஹேண்டிலை இடப்பக்கம் ஒருதரமும் வலப்பக்கம் ஒருதரமும் முழுக்கத் திருப்பி, எக்ஸிலேட்டரை முறுக்கிக் கையை விடுங்கள். இரண்டு பக்கமும் டக் என்று திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உங்களுக்குத் தேவை பூட்டு அல்ல, ஒரு புதுக் கேபிள். அதன் விலை சொற்பம்தான், கராஜில் நிற்கும்போதே போட்டுத் தருவார்கள்.