ஆன்லைன் அண்ணாச்சி

சாத்தூர், கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் எந்தக் கடைத்தெருவில் நுழைந்தாலும் இப்போது ஆன்லைன் அண்ணாச்சியைப் பார்க்கலாம். தொழில் சேவுக்கடை. அப்பா உட்கார்ந்த கல்லா. தலைக்கு மேல் மாலை போட்ட இரண்டு தலைமுறைப் படங்கள், அவற்றுக்குக் கீழே புத்தம் புதிய பேனர்: ‘உலகெங்கும் டெலிவரி.’ உலகம் என்று அவர் கருதுவது சென்னை, கோவை, பெங்களூரு, அப்புறம் துபாயில் இருக்கும் கொழுந்தியா வீடு. தளம் திறந்த அன்று மடிக்கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டியாயிற்று. முதல் ஆர்டரைப் போட்டவன் அக்கா மகன். இரண்டாவதும் அவனே, வேறு நம்பரில். அதோடு சரி. ஏன் ஓடவில்லை என்று கேட்டால் ஊரே காரணம் சொல்கிறது: அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, இங்கிலீஷ் வராது, சட்டம் விடாது. இந்தக் காரணங்களில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அண்ணாச்சியின் கடை இத்தனை வருஷமும் அவர் வாயில் இருந்தது. இணையத்தில் விற்க வேண்டுமென்றால் அதை எழுத்தில் இறக்க வேண்டும். அதற்குத்தான் மாட்டேன் என்கிறார்.

கம்ப்யூட்டர் புகாரை முதலில் பார்ப்போம். 2016இல் யுபிஐ வந்தது. அடுத்த சில வருஷங்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டையும், வரவைக் கத்திச் சொல்லும் பெட்டியும் வந்து உட்கார்ந்தன. அண்ணாச்சிக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார், வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்கிறார், பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் அசலா போலியா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்கு அந்தக் கண் கிடையாது. தொழில்நுட்பம் தெரியாதவர் என்று இவரைச் சொல்வது அபாண்டம். இவர் தடுக்கி விழுகிற இடம், தளத்தில் ஒரு சரக்கைச் சேர்க்கும்போது வருகிற படிவம். விலை, எடை, சேர்மானம், எத்தனை நாள் தாங்கும், திருப்பி எடுப்பீர்களா: கேள்வி அவ்வளவுதான். ‘விலை என்ன போடட்டும் மாமா?’ என்கிறான் மருமகன். ‘யாருக்கு?’ என்கிறார் அண்ணாச்சி. நியாயமான கேள்வி. வாடிக்கைக்காரருக்கு ஒரு விலை, கல்யாண ஆர்டருக்கு ஒரு விலை, காரை ஓடவிட்டபடியே கண்ணாடியை இறக்கிக் கேட்பவருக்கு ஒரு விலை. வட்டாட்சியர் அலுவலகத்துப் பியூனுக்கு விலையே இல்லை. எடையும் அப்படித்தான். தராசு நேராக நின்றபின் மேலே ஒரு பிடி விழும். அந்தக் கொசுறுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. எத்தனை நாள் தாங்கும் என்றால், ‘உங்க வீட்டுல பிள்ளைங்க எத்தனை?’ என்று திருப்பிக் கேட்பது அவர் வழக்கம். கடைசியில் விலைக் கட்டத்தை நிரப்பிய வாசகம், ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்.’ உலகத்துக்கே கடை திறந்துவிட்டு, வாசலில் நின்று ஒவ்வொருவராகக் காதோடு விலை சொல்கிறார்.

சட்டம்தான் சின்ன வியாபாரியை நெரிக்கிறது என்பார்கள். இதில் பாதி உண்மை. காராச்சேவை மாநில எல்லை தாண்டி விற்க, விற்றுமுதல் எவ்வளவு சிறியதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அது இல்லாவிட்டால் ‘உலகெங்கும்’ ஓசூரோடு முடிந்துவிடும். ஆனால் பெரிய தளங்கள் வழியே மாநிலத்துக்குள் மட்டும் விற்கிறவருக்கு, வரம்புக்குள் இருந்தால், 2023 அக்டோபர் 1 முதல் அந்தக் கட்டாயம் இல்லை. அண்ணாச்சியை அதிகம் படுத்துவது லேபிள். நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், புகாருக்கான முகவரி எல்லாம் பொட்டலத்தில் அச்சாக வேண்டும் என்கின்றன 2011ஆம் ஆண்டு விதிகள். 2018 முதல் இவற்றில் பெரும்பாலானவை தளத்திலும் தெரிய வேண்டும். மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளோ குறைதீர் அலுவலர் ஒருவரையே நியமிக்கச் சொல்கின்றன. புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். இந்தப் பதவி அண்ணாச்சி கடையில் எந்தக் காலத்திலோ நிரப்பப்பட்டுவிட்டது. ‘நேத்து வாங்குனது லேசாக் காறுது அண்ணாச்சி’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வேறு பொட்டலம் கைக்கு வரும். கூட வந்த பிள்ளைக்கு ஒரு கருப்பட்டி மிட்டாயும் வரும். சட்டம் கேட்பதைவிட வேகமாகவே செய்கிறார். ஆனால் ‘நொறுங்கினால் மாற்றித் தருவோம்’ என்று தளத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள், முகம் மாறிவிடும். ‘எழுதி வச்சா எல்லாப் பயலும் நொறுக்கிட்டு வருவான்!’ வாயால் கொடுத்தால் அது பெருந்தன்மை, எழுதிக் கொடுத்தால் கடன்பத்திரம் என்பது அவர் கணக்கு.

சொந்தத் தளத்தை மூடிவிட்டுப் பெரிய தளம் ஒன்றில் சேர்ந்தால் தொல்லை தீரும் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. தீராது. கமிஷனை விடுங்கள், அதே படிவத்தை அங்கே இன்னும் கறாராகக் கேட்பார்கள். போதாததற்குக் கூரியர்க்காரரும் பெட்டியின் அளவை எழுத்தில் கேட்கிறார். பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான கணக்கு. ஒரு கிலோ சேவு நொறுங்காமல் போக 30, 25, 20 என்று பெட்டி எடுத்தால் அது மூன்று கிலோ ஆகிவிடும். இரண்டு கிலோ காற்றுக்குக் கூலி கொடுப்பதைக் காட்டிலும் அண்ணாச்சிக்கு அவமானம் வேறில்லை. அளவைக் குறைத்து எழுதிப் பார்க்கிறார். அவர்கள் மறுபடி அளந்து, வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆள் பார்த்துப் பேசுவது பிழையில்லை, அதுதான் அவருடைய தொழில் திறமை. அதை எடுத்துவிட்டால் அண்ணாச்சி கடைக்கும் பெருங்கம்பெனிப் பாக்கெட்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது அந்த மறுப்பு. முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். வாங்குகிறவர்களும் அவரைத் திருந்த விடுவதில்லை: தளத்தில் விலை பெரிதாகப் போட்டிருந்தாலும் போன் போட்டு ‘கிலோ எவ்வளவு அண்ணாச்சி?’ என்பார்கள், அவரும் மகிழ்ந்து, தன் தளத்தைவிடப் பத்து ரூபாய் குறைத்துச் சொல்வார். ஆனால் ஆளுக்கு ஆள் மாறுவதாக அவர் நம்பும் பேச்சு, நிஜத்தில் அவ்வளவாக மாறுவதில்லை. அவருடைய வாய்ஸ் மெசேஜ்களை வரிசையாகக் கேட்டால் தெரியும். என்ன எண்ணெய், பூண்டு உண்டா, காரம் தாங்குமா, ஊருக்குப் போய்ச் சேர எத்தனை நாள், நொறுங்கினால் என்ன: இவையே சுற்றிச் சுற்றி வருகின்றன. பதில்களும் ஏறத்தாழ அச்சடித்தாற்போல ஒன்றே. அக்கா மகன் அமைத்த தளத்தில் ‘பாரம்பரியச் சுவை, இணையற்ற தரம்’ என்று கிடக்கிற வெற்று வாசகத்தின் இடத்தில், ‘கடலெண்ணெய்தான், பூண்டு இடிச்சுப் போட்டது, சின்னப் பிள்ளைக்குக் காரம் ஆகாது’ என்ற குரலை அப்படியே இறக்கினால் சரக்கைப் பற்றி அதைவிட நல்ல குறிப்பு கிடையாது. சில கடைகளில் பள்ளிக்கூடம் முடித்த மகள்கள் இதைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அப்பாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் பேசியதை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறார்கள். ‘இருபது நாள் தாங்கும்னு போட்டுட்டேன்ப்பா’ என்கிறாள் மகள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்தேவிட்டார். ‘மழைக்காலத்துல நமுத்துரும்லா? பத்துன்னு போடு. இல்ல, போடாத. கேட்டா நான் சொல்ல மாட்டனா?’